எழுதாத ஒப்பந்தமும் இடித்த சுவரும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது பழமொழி. கட்டிய வீட்டை இடித்துத் திருத்திப்பார் என்று முன்னோர் சேர்த்துச் சொல்லவில்லை. இக்காலத்து மலேசியத் தாமான்களில் அவர்கள் வாழ்ந்திருப்பின், அதனையே முதலில் சொல்லியிருப்பர்.

தோட்டத்து லயத்தில் பிறந்து, கல்வியால் வெளியேறி, நீண்ட காலக் கடனில் ஒரு வரிசை வீட்டை வாங்கிய தலைமுறை இன்று பணி ஓய்வு பெறுகிறது. ஓய்வு பெறும் ஆசிரியரின் கைக்குப் பணிக்கொடை வருகிறது. வாழ்நாளில் ஒரே முறை வரும் பெருந்தொகை அது. அதனைக் கொண்டு பின்கட்டைச் சற்று நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்கலாம். ஒழுகும் குளியலறையைச் செப்பனிடலாம். மகளின் திருமணத்திற்கு வரும் உறவினர் அமர முன்வாசலுக்குக் கூரை போடலாம் என்று அவர் எண்ணுகிறார். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த ஆசையைத்தான் பொறுப்பற்ற குத்தகையாளர்கள் வேட்டையாடுகின்றனர்.

நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். தெரிந்தவர் ஒருவர் வழியாகக் குத்தகையாளர் வருகிறார். 'நம்மாள்' என்னும் அறிமுகமே அவருடைய தகுதிச் சான்றிதழ். வீட்டைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு தொகையை எழுதிக் கொடுக்கிறார். மற்றவர் கேட்டதைவிட அது குறைவு. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார்; வீட்டாரும் தருகின்றனர். மறுவாரம் ஆட்கள் வந்து சமையலறைச் சுவரை இடித்து, பழைய ஓடுகளைப் பெயர்த்து, இடிபாட்டை வாசலில் குவித்துவிட்டுப் போகின்றனர். பிறகு எவரும் வருவதில்லை. கேட்டால் மழை என்பர். அடுத்த வாரம் கேட்டால் சிமெண்டு வரவில்லை என்பர். அதற்கடுத்த வாரம் தொலைபேசியை எடுப்பாரே இல்லை. ஒரு மாதம் கழித்துக் குத்தகையாளர் தோன்றி, 'கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் ஐயாயிரம் வேண்டும்' என்கிறார். இடிந்த சுவரோடு நிற்பவர் என்ன செய்வார்? அதையும் தருகிறார்.

இது தற்செயலான தாமதம் அன்று. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்தவருக்கு அந்த விலையில் அவ்வேலையை முடிக்க இயலாது. ஆகவே இந்த வீட்டின் முன்பணம் முந்திய வீட்டின் கடனை அடைக்கப் போகிறது. இந்த வீட்டை முடிக்க அடுத்த வீட்டின் முன்பணம் தேவைப்படுகிறது. அடுத்த வீடு கிடைக்காத நாளில் சங்கிலி அறுகிறது. கடைசியாகப் பணம் கொடுத்தவரின் வீடு பாதியில் நிற்கிறது. விரைந்து வந்து முதலில் இடித்துவிடுவதும் இக்கணக்கைச் சேர்ந்ததே. இடிப்பதற்குச் செலவு குறைவு; ஆனால் இடித்த பின் வீட்டுக்காரர் வேறொருவரைத் தேடிப் போக இயலாதவாறு கட்டுண்டுவிடுகிறார்.

முடிந்த வேலையிலும் வஞ்சகம் மறைந்து கிடப்பதுண்டு. குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சைப் பூசி, ஒரு நாள் முழுதும் நீரைத் தேக்கிச் சோதித்த பின்னரே ஓடு பதிக்க வேண்டும். ஓடு பதித்துவிட்டால் அடியில் பூச்சு இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. மாடிக் குளியலறையின் நீர் கீழறையின் உட்கூரையில் கறையாக இறங்கும்போதுதான் தெரியும். நீட்டிய பின்கட்டுக்குப் போதிய அடித்தளம் இடாவிட்டால், புதிய பகுதி தனியே அமிழ்ந்து, பழைய சுவரோடு சேரும் இடத்தில் பிளவு காணும். அப்பொழுது குத்தகையாளரின் தொலைபேசி எண் மாறியிருக்கும்.

இத்தனைக்கும் காரணம் குத்தகையாளரின் பேராசை மட்டுமா? இல்லை. எழுதிக் கேட்பதை அவமானமாகக் கருதும் ஒரு பழக்கம் அப்பேராசைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. 'எழுதிக் கொடுங்கள் என்றால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே' என்று கூசுகின்றனர். இந்தக் கூச்சத்திற்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டுவது நம்பிக்கையையே இழிவுபடுத்துவதாகும்.

அதே வீட்டை மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்கியபோது நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விற்பனை ஒப்பந்தத்தில், கையெழுத்திடும்போது செலுத்த வேண்டியது விலையில் 10 விழுக்காடே. அடித்தளம் முடிந்தால் ஒரு பங்கு, சட்டகம் எழும்பினால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு என்று பணம் படிப்படியாகப் போகிறது. கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்தப்படுகிறது. வீட்டை ஒப்படைத்த 8 மாதத்தில் பாதியும் 24 மாதத்தில் மீதியும் விடுவிக்கப்படுகின்றன. அந்த 24 மாதத்துக்குள் தோன்றும் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்தல் வேண்டும். பெரிய நிறுவனத்திடமே பணத்தை முன்கூட்டிக் கொட்டாதே என்று சட்டம் காக்கிறது. அவ்வாறு காக்கப்பட்டவரே, பின்னர் முகவரியும் அறியாத ஒருவரிடம் பாதித் தொகையை முதல் நாளிலேயே கொடுக்கிறார். இதனை எந்த அறிவுடைமையில் சேர்ப்பது?

'முன்பணம் தராவிட்டால் எவரும் வேலைக்கு வரமாட்டார்' என்று மறுப்புரைப்பர். முன்பணமே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. முதற்கட்டப் பொருளுக்கு ஏற்ற சிறு தொகையைத் தரலாம். மற்றவை முடிந்த வேலைக்கு ஏற்பத் தரப்பட வேண்டும். இறுதிப் பங்கு ஒன்று, குறைகள் திருத்தப்படும்வரை வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும். இதற்கு ஒப்பாத குத்தகையாளர் வராமற்போவது இழப்பன்று, ஆதாயமே.

'சட்டத்தை நாடினால் செலவும் அலைச்சலுந்தான் மிச்சம்' என்பது மற்றொரு மறுப்பு. இஃது அறியாமையின் விளைவு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குவோர் தக்க கவனத்தோடும் திறனோடும் பணி செய்ய வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் கோரிக்கையைப் பதியலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்றாண்டுக்குள் செல்ல வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாடுவதில்லை; மன்றத்தின் தீர்ப்புக்குப் பணியாமை குற்றமாகும். ஆனால் மன்றம் சான்று கேட்கும். வேலை இன்னது, விலை இன்னது, நாள் இன்னது என்று காட்ட ஒரு தாளேனும் வேண்டாவா? 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. எனினும் சொன்னதை மெய்ப்பிப்பது எங்ஙனம்? யார்மீது கோருவது? பதிவு எண்ணோ முகவரியோ அறியாதவர், தீர்ப்பைப் பெற்றாலும் அதனை யாரிடம் கொண்டு செல்வார்? கட்டுமானப் பணி செய்வோர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அப்பதிவை எவரும் சரிபார்க்கலாம். சரிபார்ப்பவர்தாம் சிலர்.

'அனுமதி எதற்கு? தாமானில் எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்' என்னும் குத்தகையாளரின் சொல்லுக்கும் பலர் தலையாட்டுகின்றனர். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய விரிவாக்கத்திற்கு ஊராட்சி மன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இடிக்கச் சொல்லும் அறிவிப்பு வரும் நாளில் அது வீட்டு வாசலில் வந்து நிற்கும். குத்தகையாளரோ அதற்குள் பணத்தை எண்ணி முடித்திருப்பார்.

இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர்க்கே பெரிய வேலை உண்டு. தமிழ் வகுப்பில் மாணவர் கடிதம் எழுதுகின்றனர்; அறிக்கை எழுதுகின்றனர்; இயற்கை எழிலை வருணிக்கின்றனர். ஓர் ஒப்பந்தத்தை எழுதும் மாணவர் எத்தனை பேர்? அடைமொழிகளால் கட்டுரையை அழகுபடுத்தக் கற்றவர், பிற்காலத்தில் அதே அடைமொழிகளால் ஏமாற்றப்படுகிறார். 'நல்ல ஓடு', 'தரமான பலகை', 'சீக்கிரம் முடித்துத் தருவேன்' என்னும் தொடர்களில் பிடித்து நிற்கத்தக்க பொருள் ஒன்றுமில்லை. 'நல்ல ஓடு' என்பதை, 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள, வழுக்காத, இன்ன நிறுவனத்தின் இன்ன எண்ணுடைய ஓடு, இத்தனை சதுர மீட்டர் என்று மாற்றி எழுதச் சொல்லலாம். 'சீக்கிரம்' என்பதை நாளும் மாதமுமாக மாற்றச் சொல்லலாம். கூடுதல் வேலைக்கு இரு தரப்பும் எழுத்தில் ஒப்பிய பின்னரே கூடுதல் பணம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். இஃது இலக்கணப் பயிற்சி, சிந்தனைப் பயிற்சி, வாழ்க்கைப் பயிற்சியுமாகும். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. மன்றத்திற்குச் செல்லும்போது மலாய் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கலாம். மொழிபெயர்க்கவும் முதலில் எழுத்து இருந்தாக வேண்டுமே.

நேர்மையான குத்தகையாளர்கள் இல்லாமல் இல்லை. வெயிலில் நின்று, ஆட்களுக்குக் கூலியை உரிய நாளில் கொடுத்து, சொன்ன நாளில் சாவியை ஒப்படைப்பவர் பலர். மெய்யான விலையைச் சொல்வதால் அவர்கள் பொய்யான விலையிடம் தோற்கின்றனர். அவர்களை வாட்டும் வீட்டுக்காரரும் உண்டு. நாளுக்கொரு மாற்றம் கேட்டுவிட்டு, முடிவில் பணம் தர மறுப்போர் அவர்கள். எழுதப்பட்ட ஒப்பந்தம் இவ்விருவரிடமிருந்தும் நேர்மையாளரைக் காக்கும். ஆதலால் அதனைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர் யார் என்பதைக் கண்டுகொள்வது கடினமன்று.

தாளை நீட்டுவது உறவை முறிப்பதாகாது. உறவை முறித்தவை இன்றுவரை எழுதப்படாமற்போன சொற்களே. முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதிய கை, தன் வீட்டுக்காக ஒரு பக்கம் எழுதக் கூசுதல் தகுமா? சம்மட்டி வீட்டுக்குள் நுழையும் முன்னர், இருவரும் கையெழுத்திட்ட தாள் நுழைய வேண்டும். அதுவரை ஒரு செங்கல்லையும் பெயர்க்க விடலாகாது.