மித்தி நதியும் நம் கடமையும்

விஹார் ஏரியின் உபரி நீரோடு பெருகி, மாஹிமில் கடலைச் சேரும் மித்தி நதியை அடுத்தே தாராவியில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, குப்பையாலும் ஆக்கிரமிப்பாலும் குறுகியிருந்த அந்நதி கரைமீறி வீடுகளுக்குள் புகுந்ததை மறப்பதற்கில்லை.

ஆகவே, மழைக்காலம் கழிந்ததும் நதிக்கரைச் சிரமதானத்திற்கு அன்பர்கள் முன்வருமாறு வேண்டுகிறோம். முதற்காரியம், மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லாரிக்கு ஏற்பாடு செய்தலாகும். அள்ளிய குப்பையைக் கரையிலேயே குவித்து வைத்தால், கடலேற்றம் அதனை மீண்டும் நதியில் சேர்த்துவிடும். கடல் உள்வாங்கும் நேரமறிந்தே பணியைத் தொடங்குக. கையுறையும் ரப்பர் பூட்ஸும் இன்றி எவரும் சேற்றில் இறங்கலாகாது.

இத்தனையும் செய்துவிட்டு, மறுநாள் நம் வீட்டுக் குப்பையை நாமே நதியில் எறிவோமாயின், அவ்வுழைப்பு விழலுக்கிறைத்த நீரேயன்றோ?