படியா, பாடியா?

ஆங்கிலத்தில் நெல்லுக்குப் ‘பேடி’ என்று பெயர். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஆங்கிலேயருக்கோ மூன்றுமே ‘ரைஸ்’ தான். வாணிபத்துக்காகக் கீழை நாடுகளுக்கு வந்தபோது, உமி நீக்காத தானியத்தைத் தனித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. இரவல் வாங்கினார்கள்.

யாரிடமிருந்து? நம் ஊர்களில் நெல்லைப் படியால் அளந்தார்கள். ஆகவே ‘படி’தான் ‘பேடி’ ஆயிற்று என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஏற்கக் கூடாது என்பேன்.

ஏன் என்று பாருங்கள். அயர்லாந்தில் பேட்ரிக் என்ற பெயரின் செல்லச் சுருக்கமும் ‘பேடி’தான். ஐரிஷ்காரர் முன்கோபிகள் என்ற ஏளனத்தால், பிரிட்டனில் கோபத்துக்கும் அதுவே பெயராயிற்று. (ஒரு மக்களையே பழிக்கும் இப்பொருளை நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.) ஆஸ்திரேலியாவில் கங்காரு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்குக்குப் ‘பேடிமெலன்’ என்று பெயர். அதில் நெல்லும் இல்லை, முலாம்பழமும் இல்லை! சிட்னிப் பகுதிப் பழங்குடியினர் வழங்கிய பெயரை, ஆங்கிலேயர் தமக்குப் பழகிய ஒலிகளில் போட்டு அமுக்கிவிட்டார்கள். ஒலி எப்படியெல்லாம் ஏமாற்றுகிறது, பார்த்தீர்களா?

நெல்லைக் குறிக்கும் ‘பேடி’ வந்தது மலாய் மொழியிலிருந்து. அங்கே நெல்லுக்குப் ‘பாடி’ என்று பெயர். இதுவும் ஒலி ஒற்றுமைதானே என்று நீங்கள் மடக்கலாம். மடக்க வேண்டும். ஆனால் இங்கே பொருளும் அப்படியே ஒத்திருக்கிறது: மலாயிலும் உமியோடு கூடிய நெல், சமைத்த சோறு அன்று. ‘படி’யோ அளவையின் பெயர், தானியத்தின் பெயர் அன்று.

மலாய்ச் சொல்லுக்கு உறவினரும் உண்டு. ஜாவா மொழியில் நெல் ‘பாரி’. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் ‘பாலாய்’, அதே நாட்டு இலோக்கானோ மொழியில் ‘பாகாய்’. நடுவில் ரகரம், லகரம், ககரம் என்று ஒலி மாறுகிறதே, இவை எப்படி உறவாகும்? ‘பெயர்’ என்பதற்கு அம்மொழிகளில் உள்ள சொற்களைக் கேளுங்கள்: ஜாவாவில் ‘அரான்’, தகாலோக்கில் ‘ஙாலான்’, இலோக்கானோவில் ‘நாகன்’. அதே ர, ல, க! மாற்றம் ஓர் ஒழுங்கில் நடந்திருக்கிறது. இத்தகைய ஒழுங்குதான் சான்று. இந்துமாக்கடலைத் தாண்டி மடகாஸ்கர் தீவிலும் நெல்லுக்கு ‘வாரி’ என்று பெயர். அத்தீவு மக்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் போர்னியோப் பக்கத்திலிருந்து கடல் கடந்து சென்றவர்கள். நெல்லோடு அதன் பெயரும் கப்பலேறியது.

இதில் நம் அண்டை வீட்டாருக்கும் சிறு பங்கு இருக்கலாம். கன்னடத்தில் நெல் ‘பத்த’. மேற்குக் கரையில் இருந்த ஆங்கிலேயர் சிலர் ‘பேட்டி’ என்றே எழுதினர். அது ‘பேடி’ பரவுவதற்குத் துணை நின்றிருக்கக்கூடும் என்று 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி கருதுகிறது.

இனி நமக்கு நெருக்கமான கேள்வி. ‘ரைஸ்’ என்பது நம் ‘அரிசி’யிலிருந்து வந்தது என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அறிஞர் சிலரும் அவ்வாறு கருதியதுண்டு. ‘படி’யிடம் கேட்ட கேள்விகளை ‘அரிசி’யிடமும் கேட்பதுதான் நேர்மை. ‘ரைஸ்’ பிரெஞ்சு, இத்தாலியம், இலத்தீன் வழியாகக் கிரேக்க ‘ஒரிஸா’விடம் போய்ச் சேர்கிறது. பல மொழியியலாளர் அக்கிரேக்கச் சொல்லின் மூலத்தைப் பழைய ஈரானிய மொழிகளில் தேடுகிறார்கள். வடமொழியில் ‘வ்ரீஹி’, ஆப்கானிஸ்தானின் பஷ்டூ மொழியில் ‘வ்ரிஜே’. இரண்டும் வகரத்தில் தொடங்குகின்றன. கிரேக்கர் பலரின் பேச்சில் வகரம் மறைந்துவிட்டதால், அந்த ஒலியைத் தர முயன்றதே முதலில் நிற்கும் ‘ஒ’ என்பது அவர்கள் வாதம். ‘அரிசி’தான் மூலம் என்று சொல்ல விரும்புகிறவர், அதன் அகரம் எப்படி ஒகரமாயிற்று என்பதற்கு, இதே போன்ற வேறு சொற்களைக் காட்டியாக வேண்டும்.