மீன் தொட்டியிலும் வேண்டும் கூட்டு வளர்ப்பு

சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலாக வளர்ந்துள்ளது. கொல்லையில் இரண்டு சிமெண்ட் தொட்டி கட்டிக் கப்பி, மோலி பெருக்குவோரும் உண்டு. ஏஞ்சல், கௌராமி, தங்கமீன் எனப் பல இனங்களை வளர்க்கும் பெரிய பண்ணையாளர்களும் உண்டு. 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் அலகுக்கு ரூ.3 லட்சம் செலவு நிர்ணயிக்கப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது.

மீனை உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டோம். ஆனால் வாங்கியவர் வீட்டில் அந்த மீன் உயிரோடிருக்க வழி செய்தோமா என்பதே கேள்வி. நிறத்தைக் காட்டி விற்பதும், நிறத்தைப் பார்த்து வாங்குவதுமே இன்றைய வழக்கம். இரண்டு தங்கமீன், இரண்டு ஏஞ்சல், நான்கு புலிக்கோடு பார்ப், ஆறு கப்பி, 'டேங்க் கிளீனர்' என்று ஒரு சக்கர் மீன் ஆகியவை ஒரே பையில் வீட்டுக்குப் போகின்றன. கப்பியின் வாலைப் பார்ப் கடிக்கிறது. செடியைத் தங்கமீன் பிடுங்குகிறது. சில வாரங்களில் தொட்டி காலியாகிப் பரணுக்குப் போய்விடுகிறது. அந்த வாடிக்கையாளர் மீண்டும் கடைப்பக்கம் வருவதில்லை.

குளத்தில் கற்ற பாடம்

இந்தத் தவறு உழவர்களுக்குப் புரியாத ஒன்றல்ல. 1971இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த கூட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம் நாடு முழுதும் பரப்பிய பாடம்தான் இது. கட்லா மேல்நீரில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடியில் மேயும். ஒன்றின் உணவுக்கு மற்றது போட்டியாக வராது. கெண்டைக் குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு விராலை ஒழிப்பதும் இதே அறிவுதான். விரால் இருக்கும் குளத்தில் குஞ்சு விடுவதற்கு எந்த விவசாயியும் துணியமாட்டார். குளத்தில் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கைக் கண்ணாடித் தொட்டியில் கைவிடுவானேன்?

நான்கு பொருத்தங்கள்

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். செடி வைத்த மீன் தொட்டிக்கு நான்கு பொருத்தம் பார்த்தால் போதும்.

முதலாவது தண்ணீர். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டி போடும் இனங்களுக்குச் சற்றுக் கடினமான, காரத்தன்மையுள்ள நீரே ஏற்றது. நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் இத்தகையதே. அமேசான் பகுதியைச் சேர்ந்த நியான் டெட்ராவுக்கோ மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. இவற்றை ஒன்றாக விட்டால் ஏதேனும் ஓர் இனம் எப்போதும் நலிந்தே இருக்கும்.

இரண்டாவது வளர்ச்சி. கடையில் விரல் நீளம் இருக்கும் சக்கர் மீன் 40 சென்டிமீட்டரையும் தாண்டும். ஆஸ்கார் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஏஞ்சல் வளர்ந்தபின் நியான் டெட்ராவை இரையாக்கிக்கொள்ளும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனும் இரையே என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது குணம். பைட்டர் ஆண் மீன் இரண்டு ஒரு தொட்டியில் இருக்க இயலாது. நீண்ட வால் கொண்ட கப்பியையும் அது எதிரியாகக் கருதித் தாக்கக்கூடும். புலிக்கோடு பார்ப் மூன்று நான்காக இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். எட்டுக்கு மேல் இருந்தால் தமக்குள்ளேயே துரத்தி விளையாடுவதால் தொல்லை குறையும். கூட்டமாக வாழும் இனத்தை இரண்டு, மூன்றாக விற்பது பெருந்தவறு.

நான்காவது செடி. குளத்தில் புல்கெண்டை செய்வதைத் தொட்டியில் தங்கமீன் செய்யும். இளந்தளிரைத் தின்னும், வேரைக் கிளறும். வாலிஸ்னேரியா, ஹைக்ரோபிலா போன்ற செடிகள் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக எடுத்துக்கொண்டு நீரைத் தூய்மைப்படுத்துகின்றன. ஆனால் இரவில் செடியும் பிராணவாயுவைச் செலவழிக்கும். மீன் மிகுந்துவிட்டால், குளத்தில் நிகழ்வதைப் போலவே விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

இரண்டு குழுக்கள்

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 120 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 100 லிட்டர் நீர் நிற்கும். சிறு மீன்களில், முழு வளர்ச்சி பெற்ற நீளத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு லிட்டர் நீர் என்பது கையாளத்தக்க கணக்கு.

கடின நீருள்ள வீடுகளுக்கு: பிளாட்டி ஆறு (ஆண் 2, பெண் 4), வரிக்குதிரை டேனியோ எட்டு, அடிப்பகுதிக்குக் கோரிடோரஸ் ஆறு. பிளாட்டி விரைவில் பெருகுமாதலால் மிகுதியான குட்டிகளை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

மென்னீருக்கு, அல்லது சுத்தமாகச் சேமித்த மழைநீரைக் கலந்து மென்மையாக்கிய நீருக்கு: செர்ரி பார்ப் எட்டு, தேன் கௌராமி ஒரு ஜோடி, கூலி லோச் ஐந்து. செர்ரி பார்ப் இலங்கையின் நிழல் ஓடைகளைச் சேர்ந்தது. தேன் கௌராமி வடகிழக்கு இந்தியா, வங்கதேசப் பகுதிகளைச் சேர்ந்தது. இரண்டுமே சாதுவானவை, செடிக்குத் தீங்கு செய்யாதவை.

எந்தக் குழுவானாலும் ஒரே நாளில் விடலாகாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரமாகும். கார நீரில் அம்மோனியாவின் நச்சு அதிகம் என்பதால் கடின நீர்த் தொட்டியில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம். செடியை முதலில் நட்டு, சில மீன்களை மட்டும் விட்டு, பின்னர் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய்நீரானால் குளோரின் நீக்கிய பின்னரே ஊற்ற வேண்டும்.

செய்ய வேண்டியவை

'மீன் செத்தால்தானே மறுபடி வாங்குவார்கள்' என்று கருதும் வணிகர்கள் சிலர் இருக்கலாம். இது விதைநெல்லைத் தின்று பசியாறுவதைப் போன்றது. இரண்டு முறை மீன் இறந்த வீட்டில் மூன்றாம் முறை தொட்டி நிரம்புவதில்லை. அந்த இழப்பு முடிவில் சேருமிடம், கொல்லையில் கப்பி வளர்க்கும் குடும்பமே.

2017 மே மாதத்தில் மீன் தொட்டிக் கடைகளுக்கென மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வளர்ப்போரும் வணிகரும் அவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என எதிர்த்தனர். விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. சட்டம் வேண்டாம் என்று சொன்ன தொழில், தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு வகுத்துக்கொள்வதுதான் நேர்மை.

ஒவ்வொரு இனத்துக்கும் முழு வளர்ச்சி, நீரின் தன்மை, குறைந்தபட்ச எண்ணிக்கை, செடிக்கு ஏற்றதா என்ற நான்கு விவரங்களைத் தமிழில் எழுதிய அட்டையைத் தொட்டியில் ஒட்டலாம். ஒத்துவாழும் இனங்களைக் குழுவாகவே விலை வைத்து, செடியையும் சேர்த்து விற்கலாம். சிறு பண்ணையாளர் நால்வர் ஆளுக்கோர் இனமாகப் பிரித்து வளர்த்தால், ஒரு குழு முழுவதையும் தாங்களே கொடுக்க இயலும். நீர்ச்செடி வளர்ப்பும் தனி வருமானமாகும்.

சக்கர் மீன் விற்பனையை அறவே நிறுத்த வேண்டும். வீட்டில் வளர்ந்து பெரிதானபின் ஏரியில் விடப்பட்ட இம்மீன், தமிழகத்திலும் கேரளத்திலும் இயற்கை நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்து, நம் மீன்களின் உணவுக்கும் போட்டியாகிவிட்டது. அதுபோலவே மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் 'மிஸ் கேரளா' மீன், அழிவின் ஆபத்திலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆற்றில் பிடித்த மீனை வாங்காமல், பண்ணையில் குஞ்சு பொரித்ததை மட்டுமே விற்பனைக்கு வைக்க வேண்டும்.

மீன் விற்கும் முன் 'உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி? தொட்டி எத்தனை அடி? முன்பே என்ன மீன் இருக்கிறது?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் கடைக்காரர், அன்று இரண்டு மீன் குறைவாக விற்கக்கூடும். ஆனால் அவரிடம் வாங்கிய தொட்டி அடுத்த ஆண்டும் வீட்டுக் கூடத்தில் இருக்கும். அலங்கார மீன் தொழிலுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது.