நாயைக் குளிப்பாட்டுவது யார்?

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு குப்பைக்குத்தான் போகும் என்று நம்மவர் சொல்வதுண்டு. சொன்ன பெரியவர் யாரோ, நாயைப் பற்றிச் சொன்னாரே தவிர, அதைக் குளிப்பாட்டியவர் யார், அவருக்கு என்ன கூலி, நடுவீட்டைத் துடைத்தது யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். இன்று அந்த நாய் நடுவீட்டையும் தாண்டிக் கடற்கரை ஓரத்து நட்சத்திர விடுதியின் குளிர்சாதன அறைக்கே குடிபோய்விட்டது. ஆகவே, விட்டுப்போன கேள்வியை இப்போது நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

சங்கதி இதுதான். பினாங்குத் தீவிலும் மற்ற இடங்களிலும் உயர்தர விடுதிகள் சில, விருந்தினரின் நாய்க்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. நாய்க்கென்று தனி மெத்தை, தனிக் கிண்ணம்; சில இடங்களில் தனிச் சாப்பாட்டுப் பட்டியலும் உண்டு. எடை இத்தனை கிலோவுக்கு மேற்படக்கூடாது, தடுப்பூசி அட்டை காட்டவேண்டும், குரைத்துப் பக்கத்து அறைக்காரரின் உறக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்றெல்லாம் விதிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாய்க்குத் தனிக் கட்டணம். ஓர் இரவுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கேட்கும் விடுதிகளும் உண்டு.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கிராணி நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். மிஞ்சியதை வீட்டு மனையாக்கினார்கள். நம் பிள்ளைகள் செபராங் பிறையிலிருந்தும் கெடாவிலிருந்தும் கடல் கடந்து தீவுக்கு வேலை தேடி வந்தார்கள். பத்து பிரிங்கி விடுதியில் விரிப்பு மாற்றுகிற பெண் யார்? நேற்றுவரை மங்கு துடைத்துப் பால் எடுத்தவளின் மகள்! அவள் தூக்குகிற வாளி மாறியிருக்கிறது, தோள்வலி மாறவில்லை.

டத்தோ கிராமாட்டிலிருந்து இதை எழுதுகிறோம். இந்தச் சாலையில் ஒரு காலத்தில் ஈயம் உருக்கும் பெரிய ஆலை இருந்தது. உலைச்சூட்டில் வெந்தவர்கள் போனார்கள், ஆலையும் போயிற்று. அந்த இடத்தில் இன்று கடைத்தொகுதியும் அடுக்குமாடியும் நிற்கின்றன. மாலை வேளைகளில் நாயைத் தள்ளுவண்டியில் உட்கார்த்தித் தள்ளிக்கொண்டு போகிறவர்களை இங்கே பார்க்கலாம். கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இருட்டோடு இருட்டாக ஆயாக்கொட்டகைக்கு ஓடிய தாய்மார்களை நினைத்துக்கொள்கிறோம். வேறென்ன செய்வது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் நாய்க்கு விரோதிகள் அல்ல. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிற பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாயின் அருமையை விடுதி முதலாளி சொல்லித் தரவேண்டாம். முன்னே ஓடிப் பாம்பைக் கண்டு குரைத்ததும், காட்டுப்பன்றியைத் துரத்தியதும், லயத்து வாசலில் காவல் கிடந்ததும் நம் நாய்தான். நாய் விடுதியில் தங்கட்டும், சுகமாகத் தங்கட்டும். நம் வழக்கு நாயோடு அல்ல, நாயின் பேரால் பணம் பண்ணுகிறவரோடு.

பழைய கதையையும் மறக்கக்கூடாது. இந்தியருக்கும் நாய்களுக்கும் அனுமதியில்லை என்று வெள்ளைக்காரன் பலகை எழுதித் தொங்கவிட்ட காலம் உண்டு. சிட்டகாங் பஹார்த்தலி ஐரோப்பியர் கிளப்பில் அப்படியொரு பலகை தொங்கியது. 1932 செப்டம்பரில் பிரீதிலதா வதேதார் என்ற 21 வயது வங்கப் பெண் அந்தக் கிளப்பைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிப் போய், பிடிபடாமல் நஞ்சுண்டு மாண்டாள். நம் மலாயாவில் பலகை வேண்டியிருக்கவில்லை, சைக்கிளே போதுமானதாயிருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்பது தோட்டத்து நியதி. 1941ல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, இனிச் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. அதற்காகத் துப்பாக்கிச் சூடும் பட்டோம். நாதன் நாடு கடத்தப்பட்டார். பலகையில் நம்மோடு சேர்த்து எழுதப்பட்ட அந்த நாய் இன்று முன்வாசல் வழியாக உள்ளே போய்விட்டது. நல்லது, போகட்டும். கூட எழுதப்பட்டவன் மட்டும் இன்னமும் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறான்!

இனி வேலைக் கணக்குக்கு வருவோம். பால் வெட்டுக்கு மரக்கணக்கு இருப்பதைப்போல, விடுதியில் அறைக்கணக்கு உண்டு. ஒரு பெண் ஒரு நாளைக்கு இத்தனை அறை முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால் பேச்சு வாங்கவேண்டும். மரம் கிழமரமாக இருந்தாலும், பட்டை முடிச்சு விழுந்திருந்தாலும், மேட்டில் நின்றாலும், கணக்கில் மரம் மரந்தான் அல்லவா? அதேபோல நாய் தங்கிய அறையும் கணக்கில் ஓர் அறைதான். தோட்டத்தில் பிறந்து கடற்கரை விடுதி ஒன்றில் வேலை செய்யும் பெண்ணொருத்தி நம்மிடம் சொன்னாள்: சாதாரண அறை அரைமணியில் முடியும். நாய் படுத்த அறையில் கம்பளத்தில் சிக்கிய ரோமத்தை இயந்திரம் பாதிதான் எடுக்கும், மீதியை முழங்காலிட்டுக் கையால் பொறுக்கவேண்டும். மெத்தை உறை, திரை எல்லாம் மாற்றவேண்டும். மூத்திர வாடை போகும்வரை மருந்து போட்டுத் துடைக்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அன்றைக்கு அறைக்கணக்கைக் குறைத்தார்களா?" என்றோம். "இல்லைண்ணே, சாப்பாட்டு நேரத்தைத்தான் நான் குறைச்சுக்கிட்டேன்" என்றாள்.

துப்புரவுக்கென்று விருந்தினரிடம் வாங்கிய கட்டணம் எங்கே? துப்புரவு செய்தவள் கையில் அதில் ஒரு காசும் வரவில்லை. 2025ல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்காரருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. நாயின் ஒரு ராத்திரிக் கட்டணம், அந்த அறையைக் கழுவியவளின் ஒரு நாள் உழைப்பைவிட அதிகம். நாய் விற்ற காசு குரைக்குமா என்பார்கள். நாய்க்கு வாங்கிய காசும் குரைப்பதில்லை. குரைத்திருந்தால் அது எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்றாவது கண்டுபிடித்திருப்போம்.

இது வீண் சந்தேகமல்ல. விடுதிப் பில்லில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் என்று எழுதுகிறார்களே, அது தொழிலாளருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக வந்த பணம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது சில விடுதிக்காரர்கள் செய்த தந்திரம் என்ன? சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதில், தொழிலாளிக்கு வரவேண்டிய சேவைக் கட்டணத்தையே எடுத்துச் சம்பளப் பள்ளத்தை நிரப்பினார்கள். அவள் சட்டைப்பைக் காசை எடுத்து அவளுக்கே கூலி என்று கொடுத்தார்கள்! ஹோட்டல் தொழிலாளர் தேசிய சங்கம் விடவில்லை. கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2021ல், சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. சேவைக் கட்டணத்துக்கே இத்தனை ஆண்டு போராட்டம் என்றால், நேற்று முளைத்த நாய்க் கட்டணத்தை யார் தாமாகக் கொண்டுவந்து நீட்டப் போகிறார்கள்?

மெத்தைக் கதையைக் கேளுங்கள். தொழிலாளிக்குக் கொடுக்கும் தங்குமிடம் எப்படி இருக்கவேண்டும் என்று 2020ல் வந்த விதிகள் சொல்கின்றன. ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் உறங்கும் இடம், பொதுக்கூடமானால் 3 சதுர மீட்டர். மெத்தை நான்கு அங்குலக் கனத்துக்குக் குறையக்கூடாது. ஒரு தலையணை, ஒரு போர்வை. இதைச் சட்டம் போட்டு, மீறினால் 50,000 வெள்ளி வரை தண்டம் என்று அச்சுறுத்தி, அப்புறம் வாங்கவேண்டியிருக்கிறது. நாய்க்கு மெத்தை கொடுக்க எந்தச் சட்டமன்றமும் கூடவில்லை. விடுதி விளம்பரமே போதுமாயிற்று. நேப்பாளத்துத் தோழரும் வங்காளதேசத்துத் தோழரும் நம் அப்பன் பாட்டன் லயத்தில் படுத்ததுபோல் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காலையில் எழுந்து அந்த மெத்தையைத் தட்டிப்போடப் போகிறார்கள்.

முதலாளி வர்க்கத்தின் நாய்ப்பாசம் எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அம்மாள் இருந்தாள். லியோனா ஹெல்ம்ஸ்லி என்று பேர், பெரிய ஹோட்டல் முதலாளி. வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக 1989ல் தண்டனை பெற்றுச் சிறை சென்றவள். வரி கட்டுவதெல்லாம் சின்ன மனிதர்கள்தாம் என்று அவள் சொன்னதாக அவள் வீட்டுப் பணிப்பெண்ணே சாட்சி சொன்னாள். 2007ல் இறந்தபோது தன் நாய்க்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் எழுதிவைத்தாள். பேரப்பிள்ளைகள் இருவருக்கு ஒன்றுமில்லை. நீதிபதி அதை 20 லட்சமாகக் குறைத்தார். நாய் புளோரிடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் மானேஜரின் பராமரிப்பில் வாழ்ந்து 2010ல் கண்ணை மூடியது. அதன் காவலுக்கு மட்டும் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர், ரோமம் வாரிச் சிங்காரிக்க 8,000 டாலர். பாவம், நாய் தின்றது 1,200 டாலருக்குத்தான்! அதே நாய் கடித்ததென்று ஒரு பணிப்பெண் வழக்குப் போட்டாள். வழக்கு தள்ளுபடி.

இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. 1903ல் திறந்த பம்பாய் தாஜ் ஹோட்டலின் வாசலில் தெருநாய்கள் தாராளமாகப் படுத்துறங்கும். அவற்றைத் துரத்தக்கூடாது என்பது 2024ல் காலமான ரத்தன் டாட்டாவின் ஏற்பாடு. கட்டணம் கிடையாது, எடைக் கணக்கும் கிடையாது. தம் உயிலில் நாயோடு சமையற்காரரையும் பணியாளரையும் சேர்த்து நினைத்தார் என்றும் பத்திரிகைகள் எழுதின. இதற்காக நாம் டாட்டாவுக்குத் துதிபாடப் போவதில்லை. 2015ல் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்களே, அந்தக் கம்பெனியிலும் டாட்டாவுக்குப் பங்கு இருந்தது. நாயிடம் காட்டிய தயவைத் தேயிலைக் கூடை வரைக்கும் கொண்டுவர அந்தப் பெண்கள் தெருவுக்கு வரவேண்டியிருந்தது.

நம் ஊரில் அதே 2015 செப்டம்பரில் என்ன நடந்தது? பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டதும் தெருநாய்களைக் கொல்ல உத்தரவாயிற்று. ஊசி போட்டால் போதாதா, கொல்லத்தான் வேண்டுமா என்று பலர் சண்டை போட்டார்கள். வீட்டுக்காரன் உள்ள நாய்க்கு ஊசி, வீட்டுக்காரன் இல்லாத நாய்க்குச் சாவு! நாயிலும் வர்க்கம் இருக்கிறது, தோழர்களே. நோய் விளையாட்டல்ல, 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களையும் கொண்டுபோயிருக்கிறது. ஆகவே அறைக்குள் நாய் இருக்கிறது என்று தெரியாமல் கதவைத் திறக்கும் பெண்ணின் கையை அது பிடித்தால், உடனே மருத்துவமனைக்கு அனுப்பி ஊசி போடவேண்டியதும், வேலையில் நேர்ந்த விபத்து என்று சொக்சோவுக்கு எழுதவேண்டியதும் நிர்வாகத்தின் கடமை. விருந்தினர் மனம் கோணுமே என்று பஞ்சில் மருந்து நனைத்துக் கட்டி, பேசாமல் வேலையைப் பார் என்பது கடமையல்ல.

எல்லாவற்றிலும் நமக்குக் கவலை தருவது இதுதான். நம்மோடு வேலை செய்யும் முஸ்லிம் தோழர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும் என்பது மார்க்க விதி. அவர்களை அந்த அறைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது. இதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் சூப்பர்வைசர் கண்டுபிடிக்கும் குறுக்குவழி என்ன? நாய் அறைகளையெல்லாம் ஒதுக்கித் தமிழ்ப் பெண்ணுக்கும் நேப்பாளிக்கும் தள்ளிவிடுவது. 'உங்களுக்குத்தான் நாய் பழக்கமாயிற்றே' என்று ஒரு சிரிப்பு வேறு. இந்த ஊரில் வாளியும் துடைப்பமும் யார் தலையில், எந்தச் சாதிக்காரன் தலையில் கட்டப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்தச் சுமையை நாயின் பேரால் மறுபடி ஏற்றுவதை ஒப்ப முடியாது. அதைவிட மோசம், மலாய்த் தோழியும் தமிழ்த் தோழியும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துப் பார்க்கும்படி ஆவது. துரைமார் காலத்திலிருந்து நிர்வாகத்துக்கு இது ருசியான பண்டம்.

சுற்றுலா வளர்ந்தால் வேலை பெருகும், நாயோடு வருகிறவர் நாலு நாள் கூடுதலாகத் தங்குவார், அதைக் கெடுக்காதீர்கள் என்று மானேஜர்கள் சொல்வார்கள். ரப்பர் விலை ஏறினால் எல்லாருக்கும் நன்மை என்று நம் தகப்பன்மாருக்கும் சொன்னார்கள். விலை ஏறியது, லயத்துக் கூரை ஒழுகுவது நிற்கவில்லை. நாய் அறை ஒன்றை இரண்டு அறையாகக் கணக்கு வைக்கட்டும். அந்தக் கட்டணத்தில் அறையைக் கழுவியவருக்குப் பங்கு எழுதட்டும். நாய் இருக்கும் அறைக்கதவில் அடையாளம் மாட்டட்டும். மனமொப்பி வருகிறவரை, மனமொப்பி என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இனம் பாராமல் முறைவைத்து அனுப்பட்டும். இவை கூட்டு ஒப்பந்தத்தில் ஏறியபிறகு யானையைக் கூட்டிவந்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை.

விடுதி வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள அங்கத்தினர்கள், அவர்களுடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், நாய் தங்கிய அறைகளின் தேதியைக் குறித்த தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டில் சேவைக் கட்டணம் தனி வரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரியாவிட்டால் தோட்டத்துக் கிராணியிடம் காட்டுங்கள். அவர் படித்துச் சொல்வார். ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துத் தோழர்களிடம் சேர்ப்பிப்பது நம் பொறுப்பு.