இரண்டு எஜமானர்கள், ஒரு சேனாபதி

அமெரிக்காவில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் கவர்னர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கவர்னருக்குச் சொந்தமாக ஒரு பட்டாளமும் உண்டு! அதன் தலைவருக்கு அட்ஜுடண்ட் ஜெனரல் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் விஷயம் ரொம்ப சுவாரஸ்யமானது.

1792-ல் அந்நாட்டார் ஒரு சட்டம் போட்டார்கள். 18 வயதிலிருந்து 45 வயதுக்குட்பட்ட வெள்ளைக்காரக் குடிமகன் ஒவ்வொருவனும் மிலிஷியாவில் சேர வேண்டும். துப்பாக்கி, தோட்டா, தோட்டாப் பை எல்லாம் ஆறு மாதத்துக்குள் தன் பணத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அரிசிக்கும் துணிக்கும் நடுவில் துப்பாக்கிச் செலவு! கணக்கெழுதும் இல்லத்தரசிகள் என்ன முணுமுணுத்தார்களோ, நீங்களே யூகித்துக் கொள்ளுங்கள். ஆள் எத்தனை, துப்பாக்கி எத்தனை என்று கணக்கெடுக்கவும், மேலிடத்து உத்தரவுகளைக் கீழே அனுப்பவும் ராஜ்யத்துக்கு ஓர் அட்ஜுடண்ட் ஜெனரல் வேண்டும் என்று அதே சட்டம் சொல்லிற்று. ஆக, சேனாபதி உத்தியோகம் முதலில் குமாஸ்தா உத்தியோகமாகத்தான் பிறந்தது.

குமாஸ்தா என்றால் இளப்பமா? 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, இல்லினாய் ராஜ்யத்து அட்ஜுடண்ட் ஜெனரல் ஆபீஸில் பாரங்களைப் பூர்த்தி செய்ய ஆள் தேவைப்பட்டது. தகப்பனாரின் தோல் கடையில் வேலை பார்த்து வந்த ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி வந்து உட்கார்ந்தார். அவர்தான் யுலிசிஸ் கிராண்ட்! பிற்பாடு வடதிசைப் படைகளுக்கெல்லாம் தளபதி, 1869-ல் ஜனாதிபதி.

1903-லும் 1916-லும் வந்த சட்டங்களால் பழைய மிலிஷியா 'நேஷனல் கார்டு' ஆயிற்று. பணமும் ஆயுதமும் வாஷிங்டனிலிருந்து வரத் தொடங்கின. பணம் கொடுப்பவர் அதிகாரம் செய்யாமல் இருப்பாரா? சாதாரண நாளில் கவர்னர் சொன்னபடி நடக்க வேண்டும். ஜனாதிபதி அழைத்துவிட்டால் கவர்னரின் பேச்சு செல்லாது. மாமியார் இருவருள்ள வீட்டு மருமகள் நிலைதான்!

இந்தச் சங்கடம் 1957-ல் ஒரு பெண்ணின் தலையில் விடிந்தது. ஆர்க்கன்ஸா ராஜ்யத்து லிட்டில் ராக் நகரில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்து வந்த ஹைஸ்கூலில் ஒன்பது கறுப்பு இனப் பிள்ளைகளைச் சேர்க்கக் கோர்ட்டு உத்தரவிட்டிருந்தது. கவர்னர் ஃபாபஸ் நேஷனல் கார்டை அனுப்பி வாசலை மறித்தார். அட்ஜுடண்ட் ஜெனரல் ஷெர்மன் கிளிங்கரின் ஆட்கள் துப்பாக்கியுடன் நின்றார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி எலிசபெத் எக்ஃபோர்டு என்ற 15 வயதுச் சிறுமி, வீட்டிலேயே தைத்த உடுப்பை அணிந்து, தனியாக வந்தாள். எல்லோரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. ஆனால் அவள் வீட்டில் டெலிபோன் இல்லை, சேதி எட்டவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வழிவிட்ட சிப்பாய்கள் அவளுக்கு மட்டும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள். பின்னால் கூச்சலிடும் கும்பல். அந்தக் குழந்தை நடந்து போய் பஸ் நிற்குமிடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளைப் பெற்றவளின் வயிறு எப்படிப் பதறியிருக்கும்!

செப்டம்பர் 24-ஆம் தேதி ஜனாதிபதி ஐசன்ஹோவர் சுமார் 10,000 பேர் கொண்ட அந்த நேஷனல் கார்டையே தம் வசம் எடுத்துக் கொண்டார், ராணுவத்தையும் அனுப்பினார். நேற்று வாசலை மறித்த பட்டாளம், இன்று அதே பிள்ளைகளைக் காக்க வேண்டியதாயிற்று!

இந்தப் பதவிக்கு ஆள் பிடிக்கும் விதமும் வேடிக்கைதான். பெரும்பாலும் கவர்னரே நியமிப்பார். தென் கரோலினாவிலோ, அட்ஜுடண்ட் ஜெனரலும் ஓட்டுக் கேட்டு ஊர் ஊராய்ப் போனார். கீழ் அதிகாரியே மேலதிகாரியை எதிர்த்துப் போட்டியிட்டால், மறுநாள் அணிவகுப்பில் யார் யாருக்குச் சலாம் போடுவது? ஜனங்களே 2014-ல் வாக்களித்து இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள்.

வெர்மாண்டில் இன்னொரு தினுசு. அங்கே சட்டசபை அங்கத்தினர்கள் 180 பேரும் கூடி வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1997-ல் அப்படி நடந்த போட்டியில், பதவியிலிருந்த ஆண் அதிகாரியைத் தோற்கடித்தார் மார்த்தா ரெயின்வில். விமானங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். அமெரிக்கா முழுவதிலும் ஒரு ராஜ்யத்தின் அட்ஜுடண்ட் ஜெனரலான முதல் பெண் அவரே. 1792 சட்டத்துக்குப் பிறகு 205 வருஷங்கள் ஆயின, சகோதரிகளே! 2006-ல் அவர் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரஸ் தேர்தலில் நின்றார். அதில் ஜெயிக்கவில்லை.