அந்த 31 யார்டு: ஒரு த்ரெட்

மக்களே, இன்னைக்கு சுகர், பிபி எதுவும் இல்ல. அமெரிக்க காலேஜ் ஃபுட்பால். நம்ம கால்பந்து இல்லீங்க, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கற ஆட்டம். நடுவுல ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போவேன், பொறுமையா படிங்க.

டிசம்பர்ல அங்க ஹைஸ்மன் ட்ராஃபி குடுப்பாங்க, அந்த வருஷத்தோட சிறந்த வீரருக்கு. சண்டை வந்தா எல்லாரும் கேக்கற கேள்வி: "ஸ்ட்ராங்கான டிஃபென்ஸ் முன்னாடி என்ன கிழிச்சான்?" நியாயமான கேள்விதான். ஆனா கேக்கற விதம் பெரும்பாலும் தப்பு. அதுக்கு நான் சொல்ற கேஸ் 2015.

எல்.எஸ்.யூ. அணியில லெனார்ட் ஃபோர்னெட்னு ஒரு ரன்னிங் பேக். பந்தை வாங்கிட்டு எதிர் டீம் ஆளுங்களுக்கு நடுவுல புகுந்து ஓடறதுதான் வேலை. முதல் 7 மேட்ச்ல ஒண்ணுல கூட 150 யார்டுக்குக் குறையல. நடுவுல தொடர்ந்து 3 மேட்ச் 200க்கு மேல. ட்ராஃபி இவருக்குத்தான்னு பேச்சு.

நவம்பர் 7, அலபாமாவோட மேட்ச். 19 தடவை பந்தை வாங்கி ஓடினார். மொத்தம் 31 யார்டு. அதே மைதானத்துல அலபாமாவோட டெரிக் ஹென்றி 38 ஓட்டத்துல 210 யார்டு, 3 டச் டவுன். அலபாமா 30-16னு ஜெயிச்சது. டிசம்பர்ல ட்ராஃபி ஹென்றிக்கு. ஃபோர்னெட் ஓட்டெடுப்புல ஆறாவது. நியூயார்க் விழாவுக்குக் கூப்பிட்ட மூணு பேர்ல கூட இல்ல.

"பெரிய டிஃபென்ஸ் வந்ததும் சாயம் வெளுத்துடுச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

மைதானம் ஒண்ணு, கேள்வித்தாள் வேற. ஃபோர்னெட் மோதினது அலபாமா டிஃபென்ஸோட. ஹென்றி மோதினது எல்.எஸ்.யூ. டிஃபென்ஸோட. அந்த வருஷம் ஓட்டத்தைத் தடுக்கறதுல நாட்டுலயே முதலிடம் அலபாமாதான், எதிர் டீம் மொத்தத்துக்கும் சராசரியா ஒரு மேட்ச்சுக்கு 76 யார்டுதான் விட்டாங்க. (காலேஜ் கணக்குல குவார்ட்டர்பேக்கை மடக்கிப் பிடிச்ச நஷ்டத்தையும் ஓட்டத்துலயே கழிப்பாங்க, அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.) நாட்டுலயே கஷ்டமான அந்தப் பரீட்சையை ஹென்றி எழுதவே இல்ல. எழுத முடியாது, அது அவரோட சொந்த டீம்!

அப்ப எப்படி ஒப்பிடறது? ரெண்டு பேரும் மோதின பொது எதிரிகளைப் பாருங்க. ஃப்ளோரிடா நல்ல டிஃபென்ஸ்: ஃபோர்னெட் 31 ஓட்டத்துல 180, ஹென்றி 44 ஓட்டத்துல 189. ஆபர்ன்: ஃபோர்னெட் 19 ஓட்டத்துல 228, ஹென்றி 46 ஓட்டத்துல 271. மிசிசிப்பி ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் ரெண்டுலயும் ஃபோர்னெட் 159, 159. ஹென்றி 204, 236. இங்க ஹென்றி தெளிவா மேல. மறைக்க மாட்டேன்.

இன்னொண்ணு. ஆபர்ன், ஃப்ளோரிடா மேட்ச் ரெண்டும் அடுத்தடுத்த சனிக்கிழமை. எட்டு நாளுக்குள்ள 90 தடவை அடி வாங்கிட்டு ஓடியிருக்கார் ஹென்றி. ஒரு டாக்டரா எனக்கு யார்டை விட இதுதான் ஆச்சரியம். அதனால ட்ராஃபி அவருக்குப் போனதுல எனக்குச் சண்டை இல்ல. ஒரே ராத்திரியில இன்னொருத்தரை ஆறாவது இடத்துக்குத் தள்ளினதுதான் உறுத்துது.

இப்ப ஆஸ்பத்திரி. முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல ஒரு ஆடிட் மீட்டிங். எங்க யூனிட்டோட இறப்பு சதவீதம் ஸ்க்ரீன்ல சிவப்புல. பக்கத்து யூனிட் பச்சை. வெளியில மூணு நாள் வைத்தியம் பார்த்து, கைவிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பற கேஸ் எல்லாம் எங்ககிட்டதான் வரும். அது அந்த ஸ்லைடுல இல்ல. அடுத்த வாரமே ஜூனியர் ஒருத்தர் கேட்டார், "சார், இந்த கேஸை எடுக்கணுமா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. நியூயார்க் மாநிலம் 1990கள் தொடக்கத்துல பைபாஸ் சர்ஜன்கள் ஒவ்வொருத்தரோட இறப்புக் கணக்கையும் வெளியிட ஆரம்பிச்சப்ப, நோயாளி எவ்வளவு மோசமான நிலையில வந்தார்னு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வெளியிட்டாங்க. அப்படியும் கஷ்டமான கேஸைத் தவிர்க்கறாங்கன்னு சர்ச்சை ஓயல. வெறும் எண்ணை மட்டும் போட்டா என்ன ஆகும்?

ஃபோர்னெட் விஷயத்துலயும் 31ஐ வெறும் 31ஆ பாக்காதீங்க. மொத்த டீமுக்கே 76 விடற டிஃபென்ஸ் முன்னாடி எடுத்த 31. எல்.எஸ்.யூ.வோட பாஸிங் அன்னைக்கு எடுபடல, அதனால அலபாமா ஆளுங்க ஓட்டத்தை மட்டும் குறி வெச்சு நிக்க முடிஞ்சது. ஹென்றிக்கு முன்னாடி வழி பிளந்து குடுத்த லைன், ஜோ மூர் விருதை முதல் முதலா வாங்கின லைன். மோசமான ஆட்டம்தான், இல்லைங்கல. ஆளே மோசம்ங்கறதுக்கு அது போதாது.

ஸ்டான்ஃபோர்டோட கிறிஸ்டியன் மெக்காஃப்ரி எங்கன்னு கேப்பீங்க. அவர்தான் ரெண்டாவது. அவரோட டீமுக்கும் அலபாமாவுக்கும் அந்த சீசன்ல பொது எதிரி ஒண்ணு கூட இல்ல. அது தனி த்ரெட்.

அப்புறம் ஃபோர்னெட் ஃபேன்ஸுக்கு ஒண்ணு. சீசன் கடைசில டெக்சாஸ் டெக்கோட 212 யார்டு அடிச்சாரேன்னு ரிப்ளைல வராதீங்க. ஓட்டத்தைத் தடுக்கறதுல அந்த டீம் நாட்டுலயே கடைசி வரிசை. அந்த 212ஐயும் நான் கழிச்சுக்கிட்டுத்தான் பாப்பேன்.