ஒரு வாஷரும் மூன்று கிலோ காற்றும்

சரக்கு விமானங்களில் எண்ணெயை எப்படி மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எழுதுவதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கு பாதி வரைக்கும் காப்பாற்றப்படும்.

எனக்குப் பிடித்தது சுறா சங்கதி. லுஃப்தான்சாவின் பராமரிப்புக் கம்பெனியும் பிஏஎஸ்எஃப் ரசாயனக் கம்பெனியும் சேர்ந்து சுறாத் தோலைப் பார்த்து ஒரு ஃபிலிம் செய்திருக்கிறார்கள். அதன்மேல் வரிவரியாக மேடுகள். ஒவ்வொரு மேடும் சுமார் 50 மைக்ரான், நம் தலைமுடியின் கனம்கூட இல்லை. இதைப் போயிங் 777 சரக்கு விமானத்தின் உடம்பில் ஒட்டினால் காற்று உரசல் குறைந்து வழுக்கிக்கொண்டு போகிறது. மிச்சமாவது ஒரு சதவீதம்தான். ஆனால் பத்து விமானங்களுக்குச் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 3,700 டன் எண்ணெய் என்று 2021இல் அறிவிக்கும்போது கணக்குச் சொன்னார்கள். ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். எண்ணெயில் இருக்கும் கரி, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் எடை அப்படிக் கூடிவிடுகிறது. ஆக, 11,700 டன் வாயு மிச்சம்.

சுறாப்புட்டு செய்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள். வெந்நீரில் போட்டு அந்த மணலைச் சுரண்டுவதற்குள் அம்மாவுக்குக் கை காந்தும். சுரண்டிக் குப்பையில் போட்டதை ஜெர்மானியர்கள் விமானத்தில் ஒட்டுகிறார்கள்.

எடையைக் குறைப்பது அடுத்த வழி. பத்து மணி நேரம் பறக்கும் விமானத்தில் ஒரு கிலோ கூடுதலாக ஏற்றினால், அதைச் சுமப்பதற்கென்றே கால் கிலோவாவது எண்ணெய் எரியும். அதனால் அலுமினியச் சரக்குக் கூண்டுகளுக்குப் பதில் இலகுவான கூண்டுகள், கனமான வலைகளுக்குப் பதில் மெல்லிய வலைகள். தாவரக் கழிவிலிருந்தும் பழைய சமையல் எண்ணெயிலிருந்தும் எடுக்கும் எரிபொருளும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2025 முதல் 2 சதவீதமாவது கலந்தே ஆகவேண்டும். நம் ஊர் பஜ்ஜிக் கடை எண்ணெய்க்கும் காலம் வரும்.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கூரியர் பையன் மணி அடித்தான்.

எங்கள் வீட்டு மிக்ஸி ஒழுகுவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் இரண்டு முறை புலம்பியாகிவிட்டது. அதன் ஜாருக்கு ஒரு ரப்பர் வாஷர் ஆர்டர் போட்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் டெல்லியில் கிளம்பி விமானத்தில் வந்திருக்கிறது. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினேன். பிரித்தால் காற்றடைத்த பிளாஸ்டிக் தலையணைகள். ஏழு இருந்தன. எட்டாவதாகத் தேடியதில், அடியில் வாஷர்.

ஸ்கேலை எடுத்து அளந்தேன். நீளம் 30, அகலம் 25, உயரம் 20 சென்டிமீட்டர். பெருக்கினால் 15,000. கூரியர்காரர்கள் பலர் இதை 5,000ஆல் வகுத்து மூன்று கிலோ என்பார்கள். நிஜ எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. அதில் நியாயம் இருக்கிறது. எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடுவது விமானத்தில் சகஜம். என் பெட்டி அடைத்த இடத்தில் இன்னும் நாற்பது வீட்டு வாஷர் வந்திருக்கும். சமையலறைத் தராசில் வைத்தேன். வாஷர் 14 கிராம்.

அங்கே தோலில் முடிக்கனத்துக்கு வரி போட்டு ஒரு சதவீதம் மிச்சம் பிடிக்கிறார்கள். இங்கே வயிற்றில் காற்றை அடைத்து அனுப்புகிறார்கள்.

சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் இருந்த மளிகைக் கடை அண்ணாச்சி இதைப் பார்த்திருந்தால் பெட்டியைத் திருப்பிக் கையில் கொடுத்திருப்பார். கடையின் உத்தரத்தில் நூல்கண்டு தொங்கும். பக்கத்தில் பழைய பேப்பர், ஏற்கெனவே நாலு அளவில் கிழித்து ஆணியில் குத்தியிருக்கும். கடுகுக்குக் கால் தாள், சீரகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிசு, துவரம் பருப்புக்கு அரைத் தாள். "சரக்கப் பாத்துத்தாம்ல தாளு" என்பார். கூம்பாகச் சுருட்டி, நுனியை முறுக்கி, பருப்பைக் கொட்டி, கல்லாப் பலகையில் இரண்டு தட்டு. அந்தத் தட்டில் உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். பிறகு வாயை மூன்று மடிப்பு மடித்து ஒரு செருகு. நூலைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று சுற்றி விரலில் வளைத்து வெடுக்கென்று அறுப்பார். கத்தரிக்கோல் கிடையாது, ஒட்டு நாடா கிடையாது. பதினோரு பொட்டலம் ஒரு மஞ்சள் பைக்குள் இடுக்கில்லாமல் உட்காரும். மண்ணெண்ணெய் வாடையடிக்கும் சைக்கிள் கேரியரில் வீடு வரை ஒரு பருப்பு சிந்தாது. நூலை அம்மா சேர்த்துவைப்பாள், பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று நான் படிப்பேன். பாதியில் கிழிந்த தொடர்கதைகள் எத்தனை! அவற்றின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதுரை மல்லி சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறக்கிறது. மொட்டுக்கு ஒரு நாள்தான் ஆயுசு, கப்பலில் போட்டால் சருகுதான் போய்ச் சேரும். பறக்கட்டும். ரப்பர் வாஷர் என்ன வாடியா போய்விடும்?

இதை வீட்டில் உரக்கச் சொன்னதுதான் தப்பு.

"நாளைக்கே வேணும்னு அமுக்குனது யாரு?" என்றாள் மனைவி.

நான்தான். லாரியில் ஐந்து நாள், இலவசம். மறுநாளே வர நாற்பத்தொன்பது ரூபாய். இரண்டு மாதமாக ஒழுகிய மிக்ஸிக்கு ஐந்து நாள் பொறுக்க முடியவில்லை எனக்கு. பெட்டியின் அளவைப் பற்றிய புகார் அப்படியே நிற்கிறது. வேகத்தைப் பற்றிய புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து பேப்பரில் பொட்டலம் மடித்துப் பார்த்தேன். நாலு தடவை. நாலு தடவையும் கடுகு நுனி வழியாகக் கொட்டியது. முறுக்கில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, அண்ணாச்சியிடம் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடையில் நின்ற வாசகர்கள் யாராவது இருந்தால், நுனியை எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். சாதாரணத் தபால் போதும்.